ஒரு பக்கம் காட்டிய பிரபு



உங்கள் வீட்டு முன்னறைச் சுவரில் பெரியவர் ஒருவரின் படம் கட்டாயம் மாட்டியிருக்கும். தாத்தா கோட்டுப் போட்டுக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். கோட்டும் நாற்காலியும் பட்டணத்துப் படக்கடைக்காரருடையவை. முகம் மட்டுந்தான் தாத்தாவுடையது. அந்த முகத்திலும் அம்மைத் தழும்பைக் கடைக்காரர் தூரிகையால் அழித்துவிட்டிருப்பார். இன்று நான் சொல்லப்போவதும் ஒரு பெரியவரின் படத்தைப் பற்றித்தான். இவர் இத்தாலி நாட்டுப் பிரபு. அணிந்திருப்பது சொந்தச் சட்டை. முகத்திலிருந்த எதையும் ஓவியர் அழிக்கவில்லை.

எங்கள் பள்ளியில் புத்தக அலமாரி ஒன்று இருக்கிறது. பல்லாண்டுகளுக்கு முன் ஊர் திரும்பிய ஒரு துரை விட்டுப்போன புத்தகங்கள் அதில் பாதி. பூச்சி அரித்தது போக மிஞ்சியவற்றில் ஓர் ஓவியப் புத்தகமும் உண்டு. ஆசிரியர் பயிற்சியில் எனக்கு ஓவியம் துணைப்பாடம். ஆனாலும் மாங்காய்க்கு நிழல் தீட்டுவதற்கு மேல் நாங்கள் போனதில்லை. ஆகவே அந்தப் புத்தகத்தை நானாகவேதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அதன் நடுப்பக்கத்தில் இருந்தார் இந்தப் பிரபு.

பெயர் பெடரிகோ டா மோன்டெபெல்ட்ரோ. உர்பினோ என்ற மலை நகரத்தின் அதிபதி. வரைந்தவர் பியரோ டெல்லா பிரான்செஸ்கா. வரைந்த காலம் 1465க்கும் 1475க்கும் இடையில் என்கிறார்கள். பலகையில் எண்ணெய் வண்ணத்தால் தீட்டியது. மிகப் பெரிய படம் என்று எண்ணிவிடாதீர்கள். ஒன்றரை அடி உயரம், ஓரடிக்குச் சற்றே கூடுதலான அகலம், அவ்வளவுதான். பக்கத்தில் இதே அளவில் இன்னொரு பலகை. அதில் அவருடைய மனைவி பட்டிஸ்டா ஸ்போர்சா. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி இருக்கிறார்கள்.

அவர் தலையில் சிவப்புத் தொப்பி, உடம்பில் சிவப்பு மேலங்கி. கழுத்தில் ஒரு சங்கிலிகூட இல்லை. தொப்பிக்குக் கீழே கறுப்புச் சுருட்டை முடி. வெயிலில் காய்ந்த நிறம். கன்னத்தில் மருக்கள். நம் இடப்பக்கம் நோக்கித் திரும்பியிருப்பதால் அவருடைய இடக்கன்னம் மட்டுமே தெரிகிறது. பின்னால், வெகு கீழே, மலையும் வயலும் படகோடும் நீரும் சின்னஞ்சிறிதாகக் கிடக்கின்றன. மலை உச்சியில் நின்று தம் நாட்டைப் பார்க்கிறவர்போல் இருக்கிறார். ஆனால் நாட்டைப் பார்க்கவில்லை, மனைவியைத்தான் பார்க்கிறார்.

பார்த்த கண்ணை இழுப்பது அந்த மூக்குத்தான். நெற்றிக்குக் கீழே மூக்குத்தண்டு தொடங்க வேண்டிய இடத்தில் ஒரு பள்ளம். கத்தியால் கொத்தி எடுத்தாற்போல் சதுரமான பள்ளம். அதன் கீழேதான் கழுகு மூக்குப்போல் வளைந்து இறங்குகிறது. என் வகுப்புப் பிள்ளைகள் இதைப் பார்த்ததும் முதலில் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டுக் கதையைச் சொன்னேன்.

1450ஆம் ஆண்டு வாக்கில், குதிரைமேல் அமர்ந்து ஈட்டியால் மோதிக்கொள்ளும் வீரவிளையாட்டு ஒன்றில் பெடரிகோ கலந்துகொண்டார். எதிராளியின் ஈட்டி முகத்தில் பாய்ந்தது. வலக்கண் போயிற்று. மூக்கும் அதில்தான் உடைந்தது என்பார் சிலர். வேறொரு கதையும் வழங்குகிறது. எஞ்சிய இடக்கண்ணுக்கு மூக்குத்தண்டு மறைப்பாக இருந்ததாம். வலப்பக்கமிருந்து வரும் பகைவனைக் காண வேண்டுமே என்று வைத்தியரை அழைத்து அதை வெட்டி எடுக்கச் சொன்னாராம். மயக்க மருந்து இல்லாத காலம் அது. கதை மெய்யோ பொய்யோ, அந்த மனிதரைப் பற்றி மற்றவர் என்ன நினைத்தார்கள் என்பதை அது காட்டுகிறது.

அதற்குப் பிறகு அவரை வரைந்தவர்கள் இடப்பக்கத்தையே வரைந்தார்கள். இதே பியரோ, தேவமாதாவின் முன் அவர் கவசத்தோடு மண்டியிட்டிருப்பதாக ஒரு பெரிய படம் தீட்டியிருக்கிறார். மிலான் நகரத்தில் இருக்கிறது. அதிலும் இடப்பக்கந்தான். மகனை அருகில் நிறுத்திக்கொண்டு கவசத்தோடு புத்தகம் வாசிப்பதாக ஒரு படம் உண்டு. அதிலும் அப்படியே. பழைய ரோமாபுரி நாணயங்களைப் பார்த்து, முகத்தைப் பக்கவாட்டில் வரைவது அக்கால இத்தாலியில் வழக்கந்தான். ஆகவே கண் போனதால்தான் திரும்பி நின்றார் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் எந்தப் பக்கத்தைக் காட்டுவது என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்திருக்காது.

எண்ணெய் வண்ணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதற்கு முன் இத்தாலியர் முட்டை மஞ்சள் கருவில் வண்ணப்பொடியைக் குழைத்துத் தீட்டி வந்தார்கள். அது சட்டென்று காய்ந்துவிடும். எண்ணெயில் குழைத்தால் மெல்லக் காயும். ஒரு படலத்தின்மேல் இன்னொரு மெல்லிய படலம், அதன்மேல் இன்னொன்று என்று பூசலாம். அடியிலுள்ளது மேலே கசிந்து தெரியும். இதில் கைதேர்ந்தவர்கள் வடக்கே பிளாண்டர்ஸ் நாட்டார். அவர்களுடைய வேலைப்பாட்டைப் பார்த்து இத்தாலியில் முந்திக் கற்றுக்கொண்டவர்களில் பியரோவும் ஒருவர். மருவும் சுருக்கமும் தோலின் மினுமினுப்பும் அவ்வளவு துல்லியமாக வந்ததற்கு அந்த எண்ணெயும் காரணம்.

இந்தப் படத்தை நான் பிள்ளைகளுக்குக் காட்டியதற்கு ஒரு காரணம் உண்டு.

எங்கள் பள்ளியில் ஆண்டு முடிவில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் படம் எடுப்பது வழக்கம். பட்டணத்திலிருந்து ஒருவர் வருவார். அவ்வாண்டு வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். குழந்தையாய் இருந்தபோது குச்சி குத்தி ஒரு கண்ணில் வெள்ளை விழுந்துவிட்டது. படிப்பில் கெட்டி, கணக்கில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஆனால் படம் எடுக்கும் நாளென்றால் காய்ச்சல் வந்துவிடும். ஐந்து ஆண்டுகளும் வந்தது. அவளுடைய தாயார் செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்குகிறவர். ஒரு நாள் மாலை என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“டீச்சர், இந்த வருசத்தோட இவ தோட்டத்துப் பள்ளிய விட்டுப் போறா. எங்கிட்ட இவ படம்னு ஒண்ணுகூட இல்ல. கைக்குழந்தையில எடுத்ததுதான். நீங்க சொன்னா கேப்பா.”

நான் என்னத்தைச் சொல்வது? அழகு அகத்தில் இருக்கிறது என்று சொல்லலாம். அதைப் பன்னிரண்டு வயதுப் பெண்ணிடம் சொல்லிப் பாருங்கள், உங்களை எப்படிப் பார்க்கிறாள் என்று தெரியும். ஆகவேதான் மறுநாள் அந்த ஓவியப் புத்தகத்தை வகுப்புக்கு எடுத்துப் போனேன். அவளைக் குறிப்பிட்டு ஒன்றும் சொல்லவில்லை. பொதுவாக எல்லாருக்குந்தான் சொன்னேன். ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாயிற்று, இத்தாலி நாட்டின் புகழ்பெற்ற முகங்களில் இது ஒன்று, பாருங்கள் என்றேன். சிரிப்பு அடங்கிற்று. மருவை எண்ணினார்கள். மூக்கை ஒருவன் பலகையில் வரைந்தே பார்த்தான்.

மணி அடித்து எல்லாரும் போன பின் அவள் மட்டும் நின்றாள்.

“அவரு ராஜா டீச்சர். ராஜாவ யாரு கேலி பண்ணுவா?” என்றாள்.

வாசகர்களே, அதற்கு என்னிடம் சட்டென்று பதில் இல்லை. அவள் சொன்னது சரிதான். “அவரும் ஒரு பக்கத்தைத்தானே காட்டினார்? உனக்கும் எந்தப் பக்கம் பிடிக்கிறதோ அப்படி நில்” என்று மட்டும் சொன்னேன். படம் எடுக்கும் நாளன்று வந்தாள். வரிசையின் ஓரத்தில், சற்றே திரும்பி நின்றாள். படக்காரர் “அந்தப் பொண்ணு நேராப் பாரும்மா” என்று இரண்டு முறை கூவினார். “அது அப்படியே இருக்கட்டும் தம்பி, நீங்க எடுங்க” என்றேன். எடுத்தார். தாயாருக்கு ஒரு பிரதி கொடுத்தோம்.

ஆனால் அவளுடைய கேள்வி என்னை விடவில்லை. எந்தப் பக்கத்தைக் காட்டுவது என்று தீர்மானிக்கும் வசதி பிரபுவுக்கு எங்கிருந்து வந்தது? அவருடைய வரலாற்றைத் தேடித் தேடிப் படித்தேன்.

பெடரிகோ 1422இல் பிறந்தார். தந்தை உர்பினோவின் அதிபதி. ஆனால் முறைப்படி மணந்தவளுக்குப் பிறந்த பிள்ளையல்ல இவர். சிறுவனாக இருக்கையிலேயே அரசியல் பிணையாக வெனிஸ் நகருக்கு அனுப்பப்பட்டார். அங்கிருந்து மன்துவா என்ற ஊருக்குப் போனார். அங்கே விட்டோரினோ டா பெல்ட்ரே என்று ஓர் ஆசிரியர். ‘மகிழ்ச்சி இல்லம்’ என்று பொருள்படும் பெயர் அவர் பள்ளிக்கு. இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்று பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆசிரியையின் பலவீனம் அது. 1423இல் மன்துவாவின் பிரபு தம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல அவரை அழைத்தார். விட்டோரினோ ஏழைப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார். அவர்களிடம் சம்பளம் வாங்கவில்லை. பிரபுவின் பிள்ளையும் ஏழையின் பிள்ளையும் ஒன்றாகப் படித்தார்கள். பிரபுவின் மகளும் படித்தாள். லத்தீன், கிரேக்கம், கணிதம் ஆகியவற்றோடு ஓட்டம், குதிரையேற்றம், நீச்சல் எல்லாம் உண்டு. பிரம்பை நம்பாத ஆசிரியர் என்று பெயர் எடுத்தவர். பெடரிகோ அங்கே இரண்டு ஆண்டுகள் போலத்தான் இருந்தார்.

1444இல் உர்பினோவை ஆண்ட அவருடைய தம்பி, பதினேழு வயதுப் பையன், தன் குடிமக்கள் கையாலேயே கொல்லப்பட்டான். மறுநாளே பெடரிகோ நகர வாசலில் நின்றார். அவ்வளவு விரைவாக எப்படி வந்தார் என்ற சந்தேகம் அவரைக் கடைசிவரை விடவில்லை. நகரத்தார் வாசலைத் திறக்கும் முன் அவரிடம் சில வாக்குறுதிகளைக் கேட்டு வாங்கினார்கள். கொன்றவர்களைப் பழிவாங்கக் கூடாது, வரியைக் குறைக்க வேண்டும் என்பவை அவற்றில் சில. ஒப்புக்கொண்டு உள்ளே போனார். வயது 22.

உர்பினோ ஏழை மலைநாடு. செல்வம் போரிலிருந்து வந்தது. அக்காலத்து இத்தாலிய நகரங்கள் தாங்களே படை திரட்டாமல், படைத்தலைவர்களோடு கூலி பேசி ஒப்பந்தம் செய்துகொள்ளும். ஒப்பந்தத்துக்குக் ‘கொண்டொட்டா’ என்று பெயர். அதைச் செய்துகொள்கிறவர் ‘கொண்டொட்டியேரே’. பெடரிகோ அந்தத் தொழிலில் முதல்வர். நேப்பிள்ஸ், மிலான், புளோரன்ஸ், போப்பாண்டவர் என்று பலருக்காகப் போரிட்டார். பேசிய சொல்லைக் காப்பவர் என்ற பெயரே அவருடைய மூலதனம்.

அந்தப் பணத்தில் மலைமேல் ஓர் அரண்மனை கட்டினார். ஏறக்குறைய 900 கையெழுத்துச் சுவடிகள் கொண்ட நூலகம் அமைத்தார். சாப்பிடும்போது ரோமாபுரி வரலாற்றை ஒருவர் வாசிக்கக் கேட்பார். நகரத்தில் அதிகக் காவலின்றி நடந்து போய், கடைக்காரரையும் உழவரையும் நிறுத்தி நலம் விசாரிப்பார். இவற்றையெல்லாம் எழுதிவைத்தவர் வெஸ்பசியானோ என்ற புளோரன்ஸ் நகரத்துப் புத்தக வியாபாரி. தம்முடைய பெரிய வாடிக்கையாளரைப் பற்றி வியாபாரி எழுதியது என்பதால் கொஞ்சம் கழித்துக்கொண்டு படிக்க வேண்டும். ஆனால் ஒன்று கழிக்க முடியாதது. அரண்மனையில் தம் சிறிய படிப்பறைச் சுவரில் உலகப் பெரியோர் 28 பேரின் படங்களை வரிசையாக வைத்தார் பெடரிகோ. பிளேட்டோ, அரிஸ்டாட்டில், மோசே இவர்களோடு விட்டோரினோவின் படமும் அங்கே இருந்தது. கீழே, தமக்குக் கல்வி தந்த புனிதமான ஆசானுக்கு பெடரிகோ வைத்தது என்று எழுதச் செய்தார். அந்தப் படம் இன்று பாரிஸ் நகரத்து லூவர் அரும்பொருளகத்தில் இருக்கிறது. இரண்டே ஆண்டுகள் படித்த மாணவன்!

இனி அவர் காட்டாத பக்கம்.

டஸ்கனி நாட்டில் வோல்டெரா என்று ஒரு மலை நகரம். அங்கே படிகாரச் சுரங்கம் ஒன்று கிடைத்தது. துணிக்குச் சாயம் பிடிக்கப் படிகாரம் வேண்டும். புளோரன்ஸ் நகரத்தின் செல்வமோ துணி வியாபாரத்தில் இருந்தது. சுரங்கம் யாருக்கு என்ற தகராறு முற்றி, 1472இல் புளோரன்ஸின் தலைவர் லொரென்சோ டி மெடிச்சி பெடரிகோவைக் கூலிக்கு அமர்த்தி அனுப்பினார். முற்றுகைக்குப் பின் நகரத்தார் சரணடைந்தார்கள். சரணடைந்த பின்பும் படைவீரர்கள் உள்ளே புகுந்து வீடு வீடாகக் கொள்ளையடித்தார்கள், கொன்றார்கள். பெடரிகோ தடுக்கப் பார்த்தார், முடியவில்லை என்று சொல்வாரும் உண்டு. ஆனால் அந்த ஊரில் ஒரு யூதக் குடும்பத்தின் வசமிருந்த மிகப்பெரிய எபிரேய வேதப் புத்தகம் பெடரிகோவின் நூலகத்துக்கு வந்து சேர்ந்ததே, அது எப்படி? புத்தகம் தானாக நடந்து வரவில்லை. புளோரன்ஸ் நகரம் அவருக்கு வெள்ளித் தலைக்கவசம் பரிசளித்துக் கொண்டாடியது.

அந்தக் கொண்டாட்டத்தின் ஈரம் காயும் முன் மனைவி இறந்தார். பட்டிஸ்டாவைப் பற்றி நான் இன்னும் சொல்லவேயில்லை. 1460இல் ஏறக்குறைய 14 வயதில் அவரை மணந்தவர். அவருக்கு அப்போது 37. சிறுமியாக இருந்தபோதே லத்தீனில் சொற்பொழிவாற்றியவர். கணவர் போருக்குப் போன காலத்தில் நாட்டை நடத்தியவர் அவரே. ஒன்றன்பின் ஒன்றாகப் பெண் குழந்தைகளைப் பெற்று, 1472 ஜனவரியில் ஆண் குழந்தையையும் பெற்றார். ஜூலையில் காய்ச்சல் கண்டு போய்விட்டார். வயது 26. படத்தில் அவர் முகம் வெளுத்திருக்கிறது. கழுத்தில் முத்தும் மணியும் நிறைந்திருக்கின்றன. இரண்டு பலகைகளின் பின்புறத்திலும் ஓவியங்கள் உண்டு. அவரை வெள்ளைக் குதிரைகள் பூட்டிய தேர் இழுத்துப் போகிறது. சிறகு முளைத்த வெற்றித் தேவதை முடிசூட்டுகிறாள். பட்டிஸ்டாவின் தேரை ஒற்றைக் கொம்புக் குதிரைகள் இழுக்கின்றன. கீழே லத்தீனில் எழுத்து. பட்டிஸ்டாவைப் பற்றிய வரி, அடக்கம் காத்திருந்தவள் என்று இறந்த காலத்தில் பேசுகிறது. வினைச்சொல்லின் ஒரு விகுதியில் ஒரு மரணம் தெரிகிறது பாருங்கள். படம் தீட்டப்பட்டது அவர் மறைந்த பிறகே என்று அறிஞர் பலர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அப்படியானால் அந்த ஒற்றைக்கண் பார்த்துக்கொண்டிருப்பது இல்லாத ஒருத்தியை.

1474இல் போப்பாண்டவர் அவருக்குக் கோமகன் பட்டம் கொடுத்தார். 1478 ஏப்ரலில், புளோரன்ஸ் தேவாலயத்தில் பூசை நடந்துகொண்டிருக்கும்போதே லொரென்சோவையும் தம்பி ஜூலியானோவையும் சதிகாரர்கள் கத்தியால் தாக்கினார்கள். தம்பி இறந்தார், லொரென்சோ காயத்தோடு தப்பினார். சதியில் பெடரிகோவுக்குப் பங்கு உண்டா என்பதற்கு நெடுங்காலம் சான்றில்லை. 2004இல் மார்செல்லோ சிமொனெட்டா என்ற வரலாற்றாசிரியர் ஒரு பழைய கடிதத்தை வெளிப்படுத்தினார். சதிக்கு இரண்டு மாதம் முன் பெடரிகோ ரோமிலிருந்த தம் ஆட்களுக்குச் சங்கேத எழுத்தில் எழுதியது அது. மிலான் அரசின் செயலாளராக இருந்த தம் முன்னோர் ஒருவர் எழுதிவைத்த முறையைக் கொண்டே அதைப் பிரித்துப் படித்தார் சிமொனெட்டா. புளோரன்ஸுக்கு அருகே 600 வீரர்களை நிறுத்த பெடரிகோ ஆயத்தமாயிருந்தது தெரிந்தது. வெள்ளிக் கவசம் கொடுத்த அதே ஊர்! சொல்லைக் காப்பவர் என்ற பெயர் 526 ஆண்டுகள் தாங்கிற்று.

இவ்வளவும் தெரிந்த பிறகு அந்தப் படத்தைத் திரும்பப் பார்த்தேன். வெறுப்பு வரும் என்று நினைத்தேன், வரவில்லை. பியரோ அவரைக் குற்றம் சாட்டவும் இல்லை, புகழவும் இல்லை. மருவை மருவாகத் தீட்டினார். கூலி கொடுத்தவரின் முகத்தை அவ்வளவு உள்ளபடி தீட்ட ஓவியருக்குத் துணிவு வேண்டும். தீட்டவிட்ட பிரபுவுக்கும் வேண்டும். அந்த மதிப்பை நான் இருவருக்கும் கொடுக்கிறேன். வோல்டெராவின் கணக்கு தனி.

1482 செப்டம்பரில், பெராரா நகரத்துப் போரின்போது சதுப்பு நிலத்துக் காய்ச்சலில் பெடரிகோ இறந்தார். பட்டிஸ்டா உயிரைக் கொடுத்துப் பெற்ற மகன் 1508இல் பிள்ளையில்லாமல் போனான். நாடு உறவினர் கைக்குப் போய், பின் 1631இல் போப்பாண்டவரின் ஆட்சிக்குள் சேர்ந்தது. நூலகம், அந்த எபிரேய வேதப் புத்தகத்தோடு, வத்திக்கானுக்குப் போயிற்று. இரண்டு பலகைகளும் அந்தக் குடும்பத்தின் கடைசி வாரிசான விட்டோரியா என்ற பெண்ணின் சீராகப் போய்ச் சேர்ந்தன. அவள் வாழ்க்கைப்பட்டது புளோரன்ஸ் நகரத்து மெடிச்சி குடும்பத்தில்.

இன்றும் அங்கேதான் இருக்கின்றன, உபீசி அரும்பொருளகத்தில். அறையின் சுவரில் மாட்டாமல் நடுவில், கண்ணாடிக்குள் நிறுத்தியிருக்கிறார்கள். வருகிறவர்கள் முன்னால் நின்று மூக்கைப் பார்த்துவிட்டு, சுற்றிப் போய்ப் பின்னாலுள்ள தேர்களையும் பார்க்கிறார்களாம்.